பழைய மண்டலினின் முறுக்காணியைத் திருப்பும் முன்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பழைய மண்டலின் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது முறுக்காணியைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பதுதான். கெடுதல் பெரும்பாலும் அங்கேயே நடந்துவிடுகிறது. இறுகிக் கிடந்த குமிழ் கையோடு தூளாகி வரும். துருப்பிடித்த பல் ஒன்று உடையும். பழந்தந்தி அறுந்து கண்ணுக்கு வரும். கோயில் பாடகர் குழுவின் அலுமாரியில் கிடந்ததோ, வெளிநாட்டு உறவினர் அனுப்பியதோ, இடப்பெயர்வில் மூட்டையோடு மூட்டையாகப் போய்த் திரும்பியதோ, அந்த வாத்தியம் முதல் பத்து நிமிடத்தைத் தாண்டினால் இன்னும் பல வருடம் பாடும். அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: தலையில் என்ன பொறி இருக்கிறது என்று வடிவாகப் பார்ப்பது.

இன்று கடையில் வாங்கும் மண்டலின் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பொறிதான். பழையவற்றில் அப்படியில்லை. வயலின் போல மரப் பிரடை வைத்தவை, பல்லிணை தலைகீழாக இருப்பவை, பன்ஜோ முறுக்காணி பூட்டியவை, விசிறி போலத் திருகாணிகள் விரிந்து நிற்பவை என்று பல உண்டு. ஒன்றுக்குச் சரியான கைப்பழக்கம் மற்றதை உடைத்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

மண்டலினில் எட்டுத் தந்தி, நான்கு சோடி. தடித்ததிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் இடையில் ச–ப தூரம். ஏ தந்தி 440 ஹேர்ட்ஸ், ஈ 659.

கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் தந்தியைத் தாங்கும் வெட்டுள்ள கட்டைதான் மேரு; முகப்புப் பலகையில் தந்தியைத் தாங்குவது குதிரை; அடியில் தந்தியை மாட்டும் இடம் வால். மேருவிலிருந்து குதிரை வரை 33 சென்ரிமீற்றர் என்றும், தந்தியின் முழு நீளம் வால் முதல் தலை வரை 45 சென்ரிமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். ஈ தந்தி தளர்ந்த நிலையிலிருந்து சுருதிக்கு வர அதன் உருக்கு ஏறத்தாழ 3.3 மில்லிமீற்றர்தான் நீளுகிறது. அதில் அரைச் சுரம் என்பது 0.4 மில்லிமீற்றர். தந்தி சுற்றும் தண்டு 6 மில்லிமீற்றர் தடிப்பானால்:

மரப் பிரடையில் அரைச் சுரத்துக்கு 8 பாகை போதும். மணிக்கூட்டில் நிமிட முள் ஒன்றேகால் நிமிடத்தில் நகரும் அளவு அது.

பன்ஜோவின் நாலுக்கு ஒன்று முறுக்காணியில் (குமிழ் நாலு சுற்று, தண்டு ஒரு சுற்று) 30 பாகை.

பதினாலுக்கு ஒன்று பல்லிணையில் 100 பாகைக்குச் சற்றுக் கூட.

விசிறிப் பொறியில், திருகாணியின் புரிக்குப் புரி இடைவெளி 0.7 மில்லிமீற்றர் என்றால், அரைச் சுற்றுக்கு மேல்.

ஏ தந்தி இன்னும் கூச்சமுள்ளது. அதற்கு இந்த அளவுகளில் பாதிக்கும் குறைவே காணும். பல்லிணைக்குப் பழகிய கை பிரடையைப் பிடித்தால் தந்தி ஏன் அறுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். 0.010 அங்குலத் தடிப்பில் ஈ தொடங்கும் மெல்லிய தந்தித் தொகுதி ஒன்றே எட்டும் சேர்ந்து 60 கிலோவை அண்டிய இழுவை தரும். ஒரு சீமெந்து மூட்டையிலும் கூட. நேப்பிள்ஸ் பாணியில் பூசணிக்காய் போல முதுகு உருண்ட பழைய வாத்தியத்துக்கு அதுவே அதிகம். 0.009 அங்குலத்தில் ஈ தொடங்கும் மிக மெல்லிய தொகுதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஈ தந்தியின் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். 0.011 என்று எழுதிய பொதியை உருண்டை முதுகு மண்டலினுக்குப் போடவே வேண்டாம். கழுத்து முன்னுக்கு வளைந்த பிறகு முறுக்காணியைக் குறை சொல்லிப் பயனில்லை.

தொடங்கும் முன்

தேவையானவை எல்லாம் எங்கள் வன்னியில் பரந்தனிலோ மாங்குளத்திலோ ஒரு சைக்கிள் கடையிலும் ஒரு தையல் கடையிலும் கிடைப்பவைதான்: சின்ன ஸ்குறூ றைவர் இரண்டு, கூர்மூக்குக் குறடு, தையல் மெசின் எண்ணெய், மண்ணெண்ணெய் அரைக் கோப்பை, பழைய பல்துலக்கி, பென்சில், வெண்கட்டி, காய்ந்த சவர்க்காரத் துண்டு, பழைய சைக்கிள் கம்பி ஒன்று, முட்டை மட்டை ஒன்று. கண்ணாடி போடாதவர்கள் கண்ணுக்கு ஏதாவது காப்புப் போடுங்கள்.

குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தால் மட்டும் நிற்பது. அதனால் முதலில் அதன் இரண்டு காலையும் சுற்றிப் பென்சிலால் மெல்லக் கோடு கீறுங்கள். கோடு கீற மனமில்லை என்றால் மேருவிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரையுள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். பன்னிரண்டாம் மெட்டிலிருந்து குதிரைக்கும் அதே தூரம்தான். தடித்த தந்திப் பக்கம் ஓரிரு மில்லிமீற்றர் கூட இருக்கும். பிறகு எட்டுத் தந்தியையும் ஒவ்வொன்றாக, சுற்று முறை வைத்துத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை முழுதாகத் தளர்த்திவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போனால் கழுத்து முறுகும்.

தலையை முன்னாலும் பின்னாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஆணிகளை எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் முட்டை மட்டைக் குழிகளில் போடுங்கள். பழைய ஆணிகள் ஒன்று போலத் தெரியும்; நீளம் ஒன்றாக இராது. நீளமானதை மாறிப் போட்டால் தலையின் முகப்புக்கு வெளியே முனை எட்டிப் பார்க்கும்.

தகட்டில் வரிசையாகப் பல்லிணைகள்

அதிகம் கிடைப்பது இதுதான். ஒரு நீளத் தகட்டில் நான்கு தண்டு, நான்கு பற்சில்லு, நான்கு புரித்தண்டு, நான்கு குமிழ். 19ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸின் வினாச்சியா குடும்பத்தார் உருக்குத் தந்தியோடு இதை மண்டலினில் நிலைநிறுத்தினார்கள். நேப்பிள்ஸ் வகையில் தலை பலகை போல மூடியிருக்கும்; தண்டுகள் முன்னால் எட்டிப் பார்க்கும். ரோமில் எம்பேர்கர் போன்றோர் செய்த வகையில் தலையில் இரண்டு நீளத் துளை வெட்டி, தண்டுகளை அதற்குள் குறுக்காக வைத்திருப்பார்கள். இந்த இரண்டுக்கும் உதிரிப்பாகம் மாற்ற முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் காணும்.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது வேறொன்று. தலையின் பின்பக்கத்தைப் பாருங்கள். குமிழிலிருந்து உள்ளே போகும் புரித்தண்டு, பற்சில்லுக்கு எந்தப் பக்கம் கிடக்கிறது? மேருவின் பக்கமா, தலையின் நுனிப் பக்கமா?

தந்தி எப்போதும் தண்டை மேருவின் பக்கம் இழுக்கிறது. புரித்தண்டு மேருவின் பக்கம் இருந்தால் அந்த இழுவை பற்சில்லைப் புரிக்குள் அழுத்தும். பல் இறுகப் பிடிக்கும். நுனிப் பக்கம் இருந்தால் அதே இழுவை பல்லைப் புரியிலிருந்து விலக்கும். புதிதாக இருந்தபோது இதனால் குறையில்லை. தண்டு ஓட்டை தேய்ந்து முட்டை வடிவம் ஆன பிறகுதான் தொல்லை: குமிழைக் கால் சுற்றுத் திருப்பியும் தந்தி அசையாது, பிறகு திடீரென்று ஏறும். 1920களின் நடுப்பகுதிக்கு முன் வந்த பல அமெரிக்க மண்டலின்களில் இந்த நுனிப் பக்க அமைப்பே இருக்கிறது. அது பழுதல்ல, அந்தக் காலத்து வழக்கம்.

இதைத் தெரியாமல் புதுத் தகடு வாங்கிப் பூட்டப் பார்ப்பவர்கள் பொருந்தவில்லை என்று தலையில் புது ஓட்டை போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். தண்டுக்கும் தண்டுக்கும் நடு மையத்திலிருந்து நடு மையம் வரை அளந்து பாருங்கள். இன்று வரும் தகடுகள் பெரும்பாலும் 23 மில்லிமீற்றர். பழையது அரை மில்லிமீற்றர் வித்தியாசப்பட்டாலும் நாலாவது தண்டுக்கு வரும்போது ஒன்றரை மில்லிமீற்றர் விலகிவிடும். தண்டு சரிந்து நின்று இறுகும்.

இன்னொரு குழப்பம்: முன்பு யாரோ கழற்றிப் பூட்டும்போது இடது தகட்டை வலதிலும் வலதை இடதிலும் மாறிப் போட்டிருக்கலாம். ஆணி ஓட்டைகள் சமமாக இருந்தால் இது நன்றாகவே பொருந்தும். அதனால் யாருக்கும் தெரியாது. ஆனால் மேருப் பக்கம் இருந்த புரித்தண்டு நுனிப் பக்கம் போய்விடும். குமிழைத் திருப்பும் திசையும் மாறிவிடும். இரண்டு அறிகுறியும் சேர்ந்து இருந்தால், எல்லாத் தந்தியையும் கழற்றி, தகடுகளை இடம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் தீரும் பழுது இது.

சுத்தம் செய்வது இப்படி. முதலில் குமிழ்களைப் பாருங்கள். வெள்ளை, மஞ்சள் நிறத்தில், யானைத்தந்தம் போல வரியோடு இருந்தால் அது செலுலோயிட். அதில் மெல்லிய வெடிப்பு வலை போல ஓடியிருந்தால், அல்லது அருகிலுள்ள பித்தளை மட்டும் பச்சை பூத்திருந்தால், பொருள் உள்ளிருந்தே சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிதையும் செலுலோயிட் அமில ஆவி விடும். அந்த ஆவிதான் பித்தளையைத் தின்பது. அப்படியான குமிழை விரலால் திருப்பவே வேண்டாம். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் அதைக் கரைத்துவிடும். நெருப்பும் சூட்டுக்கோலும் கிட்டவும் வரக்கூடாது, ஏனென்றால் அது சட்டென்று பற்றி எரியும் பொருள்.

பற்சில்லை மட்டும், மண்ணெண்ணெயில் தோய்த்த பல்துலக்கியால் தேய்த்துத் துடையுங்கள். முழுதாகக் காய்ந்த பின் ஒவ்வொரு புரிக்கும் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. ஊசி முனையால் எடுத்து வைத்தால் அளவு தப்பாது. மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். கோடையில் எங்கள் பக்கம் பறக்கும் செம்மண் தூசு எண்ணெயோடு சேர்ந்தால் அரம் போலாகிப் பல்லைத் தேய்க்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். சில மாதத்தில் பிசினாகி இறுகிவிடும். விசிறும் எண்ணெயை நேரே தலைக்கு அடித்தால் மரம் உறிஞ்சும், வார்னிஷ் கழன்று வரும்.

பற்சில்லின் நடுவில் ஆணி இருந்தால் இறுக்கலாம். குமிழ் விரலுக்கு மெல்லத் தடை காட்டும் வரை இறுக்கி நிறுத்துங்கள். ஆணிக்குப் பதில் தட்டி மடக்கிய முனை இருந்தால் அதை இறுக்க வழியில்லை; தட்டிப் பார்க்காதீர்கள்.

உடைந்த குமிழுக்காக முழுத் தகட்டையும் எறிபவர்கள் உண்டு. வேண்டியதில்லை. தச்சுப் பட்டறையில் கழிந்த முதிரை அல்லது கருங்காலித் துண்டு, பழைய யன்னல் நிலையின் வெட்டுத் துண்டு எதுவும் நல்ல குமிழாகும். இரண்டு சென்ரிமீற்றர் நீளம், ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு. ஓட்டையை இரும்புக் காம்பின் தட்டையான பகுதியிலும் சற்றே சிறிதாகத் துளைத்து, இரண்டு சொட்டு ஒட்டுப்பசையோடு அழுத்திப் பூட்டலாம். பசை புரிக்குள் ஓடாதபடி காம்பின் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

மரப் பிரடை

18ஆம் நூற்றாண்டு மண்டலின்களிலும் அவற்றைப் பார்த்துச் செய்த பிந்தியவற்றிலும் இது உண்டு. வயலினில் பிரடை பக்கவாட்டில் போகும். இங்கே தலையின் பின்னாலிருந்து குத்தி, மெல்லிய முனை முன்னால் வரும். தந்தி அந்த மெல்லிய முனையில்தான் சுற்றுகிறது.

பிடி பின்னால் இருப்பதால் வாத்தியத்தை மடியில் நிமிர்த்தி, தலையின் முகப்பை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிரடையைத் திருப்பிக்கொண்டே உள்ளே அழுத்த வேண்டும். திருப்பாமல் அழுத்தினால் தலை பிளக்கும். அழுத்தாமல் திருப்பினால் நிற்காது. இரண்டும் ஒரே அசைவாக வர இரண்டு மூன்று நாள் பழக்கம் வேண்டும்.

வன்னியின் காலநிலை பிரடையை நேரே தாக்கும். வாடைக்காற்று மழையில் மரம் ஈரம் குடித்துப் பருத்து இறுகும். சோளகம் அடிக்கும் காய்ந்த மாதங்களில் சுருங்கி வழுக்கும். ஆகவே கார்த்திகையில் இறுகியதை அறுத்துச் சிறிதாக்காதீர்கள். ஆடியில் அது ஓட்டைக்குள் ஆடும்.

பிரடையைக் கழற்றிப் பாருங்கள். நல்ல பிரடையில் ஓட்டையோடு தொடும் பகுதி முழுவதும் ஒரே மினுக்கமாக இருக்கும். ஒரு வளையம் மட்டும் மினுங்கினால் அந்த ஒரு இடத்தில் மட்டுமே பிடிக்கிறது; அது வழுக்கவும் செய்யும், திடீரென்று இறுகவும் செய்யும். காய்ந்த சவர்க்காரத்தை ஒரு தடவை தேய்த்து, அதன் மேல் வெண்கட்டியைத் தேய்த்துப் போட்டுத் திருப்புங்கள். சவர்க்காரம் ஓட விடும், வெண்கட்டி பிடிக்க வைக்கும். வழுக்கினால் வெண்கட்டி கொஞ்சம் கூட, இறுகினால் சவர்க்காரம் கொஞ்சம் கூட. வயலின் வில்லுக்குப் பூசும் பிசின் போட்டால் முதலில் நன்றாகப் பிடிப்பது போல இருக்கும். பிறகு மரத்தைத் தேய்த்து ஓட்டையைப் பெருப்பிக்கும்.

புதுப் பிரடை செய்வதானால் எட்டு சென்ரிமீற்றர் நீளக் கருங்காலி அல்லது முதிரைத் துண்டு ஒன்று போதும். காட்டில் கை வைக்கத் தேவையில்லை. தச்சரிடம் கழிவில் கிடைக்கும். இன்றைய வயலின் பிரடையின் ஒடுக்கம் முப்பதுக்கு ஒன்று, அதாவது மூன்று சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் மெலிவு. பழைய மண்டலின் ஓட்டை இதே ஒடுக்கத்தில் இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். உள்ளே புகைக்கரி பூசிய குச்சியை வைத்துத் திருப்பி, கரி எங்கே அழிகிறது என்று பார்த்துப் பார்த்துச் சீவுங்கள். ஓட்டையைத் தொடாமல் பிரடையை ஓட்டைக்கு ஏற்ப மாற்றுவதே முறை.

தந்தியைச் சுற்றும்போது சுற்றுகள் தலையின் முகப்பை நோக்கி இறங்கட்டும். கடைசிச் சுற்று முகப்பை மெல்லத் தொட்டும் தொடாமலும் நின்றால் பிரடை சரியாது, பின்னுக்குத் தள்ளவும் மாட்டாது. முகப்பை நெரித்தால் இறுகிப்போகும்.

பன்ஜோ முறுக்காணி

பன்ஜோ உடலும் மண்டலின் கழுத்தும் கொண்ட வாத்தியங்களில் வரும். இரண்டு வகை. ஒன்று உலோகப் பிரடை. குமிழின் பின்னால் ஆணி இருக்கும், அதைக் கால் சுற்று இறுக்கினால் பிடிக்கும். மற்றது உள்ளே சின்னப் பற்சில்லுகள் வைத்தது; குமிழ் நாலு சுற்று, தண்டு ஒரு சுற்று. பார்க்க இரண்டும் ஒன்று போலிருக்கும். தந்தியில்லாமல் குமிழை ஒரு சுற்றுத் திருப்பித் தண்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவதைப் பிரிக்காதீர்கள். உள்ளிருக்கும் சில்லுகள் கடுகு சிதறுவது போலச் சிதறும்.

விசிறி

பழைய பொறிகளில் அழகானதும் அதிகம் பிழையாகக் கையாளப்படுவதும் இதுதான். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜோன் பிறெஸ்ரன் ஆங்கிலக் கிற்றாருக்கு, மணிக்கூட்டுச் சாவி போன்ற ஒன்றால் திருப்பும் பொறியைச் செய்தார். போர்த்துக்கேயர் அதை எடுத்துச் சாவிக்குப் பதில் குமிழ் வைத்து விசிறி போல விரித்தார்கள். போர்த்துக்கேயக் கிற்றாரிலும் ஜேர்மனியின் வால்ட்சிதர் என்ற தந்தி வாத்தியத்திலும் அது இன்றும் உண்டு. அதே பொறி பூட்டிய பழைய போர்த்துக்கேய, ஜேர்மன் மண்டலின்களும் இருக்கின்றன.

இதில் தந்தி எதிலும் சுற்றுவதில்லை. ஒவ்வொரு தந்திக்கும் ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு தவாளிப்பு, அதை மேலே இழுக்க ஒரு நீளத் திருகாணி. மேலே உள்ள குமிழைத் திருப்பினால் கொக்கி தவாளிப்பில் மெல்ல ஏறும். பல் இல்லை, நழுவல் இல்லை. சரியாகப் பூட்டிய விசிறி நாள் முழுதும் சுருதி விடாது.

ஆனால் கொக்கி ஓடும் தூரம் குறைவு. தந்தியின் நீளம் அதற்குள் அடங்க வேண்டும். கடைத் தந்தியின் ஒரு முனையில்தான் வளையம் இருக்கும். மறுமுனை வளையத்தை நீங்கள்தான் முறுக்க வேண்டும். இதைத் தெரியாதவர்கள் தந்தியைக் கொக்கியில் சும்மா முடிச்சுப் போட்டுப் பார்த்து, நிற்கவில்லை என்று பொறியைக் கழற்றி எறிகிறார்கள்.

வளையம் முறுக்கும் முறை:

1. கொக்கியை மேருப் பக்கத்து அடிவரை இறக்கி, அங்கிருந்து மூன்று மில்லிமீற்றர் மேலே ஏற்றி நிறுத்துங்கள். தவாளிப்பில் மேலே எவ்வளவு ஓட்டம் மிச்சம் என்று அளவுகோலால் பாருங்கள். பத்து மில்லிமீற்றராவது வேண்டும்.

2. தந்தியின் கடை வளையத்தை வாலில் மாட்டி, குதிரை, மேரு வழியாகக் கொண்டுவந்து கையால் நேராகப் பிடியுங்கள். கொக்கியின் வளைவு தொடும் இடத்தில் பேனையால் அடையாளம். தந்தி நேராக நின்றால் போதும், இழுக்கக் கூடாது.

3. தந்தியைக் கழற்றி, அடையாளத்துக்கு அப்பால் ஐந்து சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள்.

4. சைக்கிள் கம்பியின் ஒரு முனையைக் கொக்கியாகவும் மறுமுனையைக் கைபிடியாகவும் வளையுங்கள். கம்பியின் தடிப்பு இரண்டு மில்லிமீற்றர். ஈ, ஏ தந்திகளுக்கு அளவான வளையம் வரும். அடையாளம் கொக்கியின் நடுவில் வரும்படி தந்தியை மடக்கி, இரண்டு காலையும் சேர்த்துக் குறட்டால் இறுகப் பிடியுங்கள்.

5. கம்பியைச் சுழற்றுங்கள். இரண்டு காலும் கயிறு திரிப்பது போல ஒன்றையொன்று சுற்ற வேண்டும், எட்டு முறுக்கு. ஒரு கால் நேராக நிற்க மற்றது அதைச் சுற்றினால் அது வளையமல்ல, இழுத்ததும் வழுக்கும். அவிழ்த்துத் திரும்பச் செய்யாதீர்கள். ஒருமுறை மடிந்த உருக்கு அதே இடத்தில் முறியும். புதுத் தந்தி எடுங்கள்.

6. எட்டு முறுக்கு முடிந்ததும் மிச்ச முனையைக் குறுக்காகத் திருப்பி, தந்தியைச் சுற்றி நெருக்கமாக நாலைந்து சுற்று. இந்தக் குறுக்குச் சுற்றுத்தான் முறுக்கு அவிழாமல் பூட்டுவது. மிச்சத்தை ஒட்ட வெட்டி, முனையை அரத்தால் ஒருமுறை தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்தமுறை விரலைக் கிழிக்கும்.

ஜி, டி தந்திகளில் வெளியே இன்னொரு கம்பி சுற்றியிருப்பதால் இரண்டு மில்லிமீற்றர் வளைவில் அது பிரியும். நாலு மில்லிமீற்றர் ஆணியைக் கொக்கியாக்குங்கள், முறுக்கு ஆறு போதும்.

பூட்டி ஏற்றும்போது முறுக்கு இறுகுவதில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் போகும், ஈ தந்தி நீளுவதில் 3.3 போகும். ஆகக் கொக்கி ஐந்து மில்லிமீற்றர் அளவில் ஏறி நின்றால் வேலை சரி. உச்சிக்கு ஏறியும் சுருதி வரவில்லை என்றால் தந்தி நீளம் கூட. கொக்கியில் மாட்டவே முடியவில்லை என்றால் குறைவு. இரண்டிலும் திருகாணியை வற்புறுத்த வேண்டாம். பித்தளைப் புரி உரிந்தால் அதே அளவில் இன்னொன்று கிடைப்பது பெரும்பாடு.

திருகாணி இறுகிக் கிடந்தால் தந்தியைத் தளர்த்திவிட்டு, புரியில் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் குமிழில் தோல் துண்டு சுற்றிக் கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் புரிகளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் வைப்பது நல்லது. ஒரே அளவில் முறுக்கிய உபரித் தந்திகள் நாலைந்தை எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடியுள்ள போத்தலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை சுருதிக்கு ஏற்றுவது

நெடுநாள் தளர்ந்து கிடந்த வாத்தியத்தை ஒரே நாளில் முழுச் சுருதிக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் நாள் எல்லாச் சோடியையும் நாலு அரைச் சுரம் குறைத்து ஏற்றி, இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் குதிரை கோட்டில் நிற்கிறதா, முகப்புப் பலகையில் புது வெடிப்பு உண்டா, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் முடியளவு இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் இரண்டு அரைச் சுரம் ஏற்றுங்கள். மூன்றாம் நாள் முழுச் சுருதி. தகரக் கூரையின் கீழ் உச்சி வெயிலில் இதைச் செய்ய வேண்டாம். பழைய மிருகப் பசை சூட்டில் இளகும்.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். சுருதி கூடிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பல்லின் இடைவெளி தளர்ந்த பக்கம் நின்றுவிடும், நாலு தட்டில் இறங்கும்.

இவ்வளவும் செய்தும் சுருதி நிற்கவில்லை என்றால் தண்டிலும் அதை ஒட்டிய தலையிலும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அரை மணித்தியாலம் வாசித்துவிட்டுப் பாருங்கள். கோடு பிரிந்திருந்தால் முறுக்காணி நழுவுகிறது. கோடு நேராக நின்றும் சுருதி இறங்கியிருந்தால் முறுக்காணியில் கை வைக்காதீர்கள். தந்தி மேருவின் வெட்டில் சிக்குகிறது, அல்லது வாலில் வளையம் இறுகுகிறது. ஏற்றும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து சுருதி துள்ளினால் சந்தேகமே இல்லை, மேருதான். தந்தியைத் தூக்கி, வெட்டுக்குள் மென்மையான பென்சிலின் கரியை நாலு தரம் தேய்த்து, மறுபடி வைத்து ஏற்றுங்கள்.